அந்தக் கேள்விக்குறியைத் தொலைத்துவிடாதீர்கள்!

வீட்டில் யாருக்காவது வயிற்று 'ஸ்கேன்' எடுத்து, ஈரலில் ஏதாவது தென்பட்டிருந்தால், அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'எஸ்.ஓ.எல்.' என்று மூன்றெழுத்து இருக்கும். 'ஸ்பேஸ் ஆக்குபையிங் லீஷன்' என்பதன் சுருக்கம். நம் பாஷையில் சொன்னால், 'இங்கே ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது'. அவ்வளவுதான் அர்த்தம்! அதன் பக்கத்திலேயே 'செகண்டரீஸ்?' 'சீழ்க்கட்டி?' என்று இரண்டு மூன்று சந்தேகங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார் ஸ்கேன் டாக்டர். 'செகண்டரீஸ்' என்றால் வேறு உறுப்பில் தோன்றிய புற்று ஈரலுக்குப் பரவியிருப்பது. அவர் நேர்மையான மனிதர். 'படத்தை வைத்து என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும்' என்று ஒப்புக்கொண்டு கேள்விக்குறி போட்டுவிட்டார்.

ஆனால், ஸ்கேன் சென்டர் வாசலிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்விக்குறி எங்கேயோ கீழே விழுந்துவிடுகிறது! 'அப்பாவுக்கு ஈரல்ல கேன்சராம்' என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் பறக்கிறது. கல்யாணத் தேதியை முன்னால் தள்ளி வைக்கலாமா, நிலத்தை எழுதி வாங்கிவிடலாமா என்பது வரைக்கும் பேச்சு போய்விடுகிறது.

மறுநாள் அந்தக் கூட்டத்தில் பாதி என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். நான் சித்த மருத்துவன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக வைத்தியம் பார்த்து வருகிறேன்.

"ஊசி, ஆபரேஷன் எதுவும் வேண்டாம் டாக்டரய்யா. நீங்களே பார்த்து ஒரு மருந்து குடுங்க. மனுஷன் கஷ்டப்படாம இருந்தா போதும்" என்பார் மனைவி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவுககிட்ட எதுவும் சொல்லலை. அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம்" என்பார்.

நான் கேட்பது ஒரே கேள்விதான். "கட்டியிலேர்ந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்களாம்மா?"

"ஐயையோ... ஊசி குத்தினா பரவிடும்னு சொல்லுதாங்களே!"

எனக்கும் அவர்களுக்கும் சண்டை ஆரம்பிக்கிற இடம் இதுதான். என் அபிப்பிராயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஈரலில் கட்டி என்று வருகிறவருக்கு, அது என்ன கட்டி என்று தெரியாமல் ஒரு சிட்டிகை சூரணம்கூட யாரும் கொடுக்கக் கூடாது. சித்த வைத்தியரானாலும் சரி, அலோபதி டாக்டரானாலும் சரி, வீட்டுப் பாட்டியானாலும் சரி! காரணம், புற்று மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு ஈரலில் உட்காரும் தொற்றுநோய்கள் சில உண்டு. அடிக்கடி வருவதில்லை, ஆனால் வருகின்றன. சரியான மருந்து கிடைத்தால் அநேகமாகக் குணமாகிவிடக் கூடியவை. 'எப்படியும் போகப்போகிற மனுஷன்' என்று நாம் கைகழுவினால், குணமாக வேண்டியவரைத்தான் அனுப்பி வைக்கிறோம்.

படத்தில் பார்த்து ஏமாறுவது இருக்கட்டும். கட்டியைக் கையிலேயே வைத்துப் பார்த்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில், சிறு சிறு அறைகளாகக் குழகுழவென்று இருந்த ஒருவகை ஈரல் கட்டியைப் புற்றுநோயில் ஒரு தினுசு என்றே டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். 1855-ல் ருடால்ஃப் விர்ச்சோ என்ற மேதை அதை ஆராய்ந்து, 'இது புற்றே இல்லை. நாடாப்புழுவின் இளம்பருவம் ஈரலில் வளர்ந்திருக்கிறது' என்று காட்டினார். நரியின் குடலில் வாழ்கிற புழு அது. குளிர்ப் பிரதேச சமாச்சாரம் என்பதால் நம் ஊர்ப்பக்கம் அந்தக் கவலை வேண்டாம்.

நம் ஊரில் வேஷம் போடும் ஆட்கள் வேறு. முதல் ஆள், எல்லோருக்கும் தெரிந்த டி.பி.!

"டி.பி.ன்னா இருமல்தானே சார்?" என்று கேட்பீர்கள். நுரையீரலில் இருந்தால் இருமல். அதே கிருமி ரத்தத்தில் ஏறி ஈரலில் குடியேறினால் இருமலும் இல்லை, சளியும் இல்லை. மார்பு எக்ஸ்ரேகூட சுத்தமாக இருக்கலாம். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், பசியில்லை, உடம்பு இளைப்பு, வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். புற்றுநோய்க்கும் இதேதானே அடையாளம்! ஸ்கேனில் ஒன்றோ பலவோ உருண்டைகள் தெரியும். 'செகண்டரீஸ்?' என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவார்கள்?

ரிட்டயர்டு டீச்சர் ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். கையில் 'பெட் ஸ்கேன்' வேறு. "பாருங்க சார், கட்டி அப்படியே எரியுது" என்று படத்தைக் காட்டி அழுதார். 'பெட் ஸ்கேன்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை மாதிரியான ஒரு பொருளை ரத்தத்தில் ஏற்றி, உடம்பில் எந்த இடம் அதை அள்ளிக் குடிக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த சோதனை. புற்று அணுக்கள் அள்ளிக் குடிக்கும்; வாஸ்தவம். ஆனால் கிருமியோடு சண்டை போடும் நம் வெள்ளை அணுக்களும் அதே மாதிரி அள்ளிக் குடிக்கும். டி.பி. கட்டியும் 'எரியும்'! டீச்சர் அம்மாவுக்கு ஊசி மூலம் சதை எடுத்துப் பார்த்ததில், டி.பி.க்கே உரிய, தயிர்க்கட்டி போல் நைந்துபோன திசு தெரிந்தது. கிருமியும் பிடிபட்டது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் டி.பி. மாத்திரைகளைத்தான் சாப்பிட்டார். இப்போது பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

உலகத்து டி.பி. நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். அப்படிப்பட்ட நாட்டில் ஈரலில் ஒரு கட்டி என்றால், 'இது டி.பி.யாக இருக்குமோ' என்ற கேள்வி ஒரு நிமிஷமாவது எழ வேண்டாமா?

இரண்டாவது ஆளின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 'மெலியாய்டோசிஸ்'. வாயில் நுழையாத பெயர். ஆனால் கிருமி இருப்பதோ நம் காலடியில்... நெல் வயல் சேற்றிலும் தண்ணீரிலும்! ரங்கூனில் விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டரும், அவரோடு வேலை பார்த்த சி.எஸ்.கிருஷ்ணசாமி என்ற இந்தியரும் 1912-ல் இதை முதன்முதலாக உலகுக்கு எழுதிச் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனை மேஜையில் கண்டுபிடித்த வியாதி. நூறு வருஷம் தாண்டியும் நம் ஊரில் இதன் பெயர் பரவவில்லை என்பது எனக்கு ஆதங்கம்தான்.

காலில் உள்ள சின்னச் சிராய்ப்பு வழியாகவோ, தண்ணீர், தூசி மூலமாகவோ கிருமி உள்ளே போகும். சர்க்கரை வியாதிக்காரர்களைத்தான் குறிவைத்துப் பிடிக்கும். மழைக்காலத்தில் அதிகம். நுரையீரலைத் தாக்கலாம், ஈரலிலும் மண்ணீரலிலும் குட்டிக் குட்டியாகப் பல சீழ்க்கட்டிகளை உண்டாக்கலாம். ஸ்கேனில் தேனடை மாதிரி தெரியும். அவசரத்தில் பார்த்தால், பரவிய புற்று!

ஐம்பது வயது தாண்டிய விவசாயி ஒருவர். பத்து வருஷமாக சர்க்கரை. விட்டுவிட்டுக் காய்ச்சல், எட்டு கிலோ எடை குறைந்திருந்தது. நோயாளிக்கு விஷயம் தெரியக் கூடாது என்று மகன் அவரைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்! "தம்பி, அப்பாவைக் கூட்டிட்டு வாப்பா. நான் காகிதத்துக்கு வைத்தியம் பார்க்கிறதில்லை" என்றேன்.

வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நடவு சமயத்தில் கால் விரலிடுக்கில் புண். அதோடு பத்து நாள் சேற்றில் நின்றிருக்கிறார். அதற்கப்புறம்தான் குளிர் காய்ச்சல். வலது பக்கம் கடைசி விலா எலும்புகளுக்கு நடுவே விரலால் லேசாக அழுத்தினேன். மனிதர் துள்ளிவிட்டார்! 'ஸ்பரிசம்' எங்கள் எண்வகைத் தேர்வில் ஒன்று. எல்லா விவரத்தையும் ஒரு தாளில் எழுதி, சீழை 'கல்ச்சர்' செய்து பார்க்கும்படி கேட்டு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மெலியாய்டோசிஸ் என்று முடிவு வந்தது. இந்த வியாதிக்கு வைத்தியம் நீளமானது. முதலில் குறைந்தது பத்துப் பதினாலு நாள் நரம்பு வழியாக மருந்து, பிறகு மூன்று மாதத்துக்குக் குறையாமல் மாத்திரை. நடுவில் நிறுத்தினால் திரும்பவும் தலைதூக்கும். அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார், எழுந்துவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சேறு, புண், குளிர் காய்ச்சல் என்ற மூன்று சமாச்சாரமும் நோயாளிக்குத்தான் தெரியும், மகனுக்குத் தெரியாது. 'அவருக்குச் சொல்ல வேண்டாம்' என்று நோயாளியை ஒதுக்கி வைக்கிற குடும்பம், துப்பு சொல்லக்கூடிய ஒரே சாட்சியையும் சேர்த்து ஒதுக்கி வைக்கிறது. வீட்டில் முன்பு யாருக்காவது டி.பி. இருந்ததா, ஆடும் நாயும் வளர்த்தாரா, சொத்தைப் பல் பிடுங்கினாரா, வயிற்றில் ஆபரேஷன் நடந்ததா, குடிப்பாரா? இதையெல்லாம் அவரிடம்தானே கேட்க முடியும்!

சொத்தைப் பல்லை ஏன் சொன்னேன் என்றால், வாயில் சாதுவாக வாழும் 'ஆக்டினோமைசிஸ்' என்ற நுண்ணுயிரும் எப்போதாவது ஈரலில் போய்க் கல் மாதிரி கட்டி கட்டும். புற்று என்றே நினைத்து ஆபரேஷன் செய்து, வெட்டி எடுத்த துண்டைப் பரிசோதித்த பிறகுதான் உண்மை தெரிந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பல உண்டு. மாதக்கணக்கில் பென்சிலின் கொடுத்தால் கரைகிற கட்டி அது. அமீபா சீழ்க்கட்டி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குடிப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு நம் நாட்டில் சகஜமாக வருவது. டாக்டர்களுக்கு நன்றாகப் பழக்கம். ஆனாலும், சீதபேதி இல்லை, மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்பதை வைத்து 'அமீபா இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சரி, ஊசி விஷயத்துக்கு வருகிறேன். 'குத்தினால் பரவும்' என்ற பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். ஈரலிலேயே தோன்றும் புற்றில், ஊசி போன பாதையில் அணுக்கள் ஒட்டிக்கொள்வது உண்டு. நூறு பேரில் மூன்று பேருக்கும் குறைவு. இந்தச் சின்ன ஆபத்துக்குப் பயந்து, நோய் என்னவென்றே தெரியாமல் இருப்பது என்ன நியாயம்? ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, அந்த இடத்தை மரக்கச் செய்து, ஊசியை விட்டு எடுப்பார்கள். அதற்கு முன் ரத்தம் சரியாக உறைகிறதா என்று சோதிப்பார்கள். சில மணி நேரம் படுக்க வைத்துக் கவனித்து அனுப்புவார்கள்.

எல்லோருக்கும் குத்தித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஏற்கெனவே ஈரல் சுருங்கிப்போனவருக்கு, மருந்து ஏற்றி எடுக்கும் 'சி.டி.'யில் கட்டி முதலில் பளிச்சென்று ஒளிர்ந்து, பிறகு மங்கினால் அது ஈரல் புற்று என்று ஊசி இல்லாமலே தீர்மானிக்கலாம். இன்னொரு பக்கம், நாய் வயிற்றுப் புழுவால் வரும் 'ஹைடாடிட்' நீர்க்கட்டி இருக்கிறது. நாயின் மலத்தில் உள்ள முட்டை, கழுவாத கீரை காய்கறி வழியாகவோ, நாயைத் தடவிய கை வழியாகவோ நம் வயிற்றுக்குள் போய், வருஷக்கணக்கில் ஈரலில் வளர்வது. முன்யோசனை இல்லாமல் அதைக் குத்தி உள்ளே கசிந்துவிட்டால், கடுமையான அலர்ஜியில் உயிருக்கே ஆபத்து வரலாம். புழு மருந்து கொடுத்துத் தயார்படுத்தி, பழகிய கைதான் தொட வேண்டும். ஆகவே ஊசி எப்போது, எங்கே, யார் போடுவது என்பதை ஈரல் சம்பந்தப்பட்ட டாக்டர் முடிவு செய்யட்டும். 'ஊசியே வேண்டாம்' என்று முடிவு செய்வது மட்டும் சித்தப்பா, மாமா வேலை இல்லை!

ஊசி போட ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு சின்ன ரகசியம். எடுத்த சதை எந்த பாட்டிலுக்குள் போகிறது என்று பாருங்கள். வழக்கமாக 'ஃபார்மலின்' என்ற திரவத்தில் போட்டு அனுப்புவார்கள். புற்று இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க அது சரி. ஆனால் ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும். அப்புறம் அதை வளர்த்துப் பார்க்கவே முடியாது! கிருமிப் பரிசோதனைக்கு, ஃபார்மலின் இல்லாத சுத்தமான பாட்டிலில் இன்னொரு துண்டு தனியாகப் போக வேண்டும். 'டாக்டர், கல்ச்சருக்கும் டி.பி. டெஸ்ட்டுக்கும் தனியா அனுப்பறீங்களா?' என்று பணிவாக ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டி.பி. கிருமியை ஓரிரு மணி நேரத்தில் காட்டும் 'சிபிநாட்' பரிசோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். முடிந்தவரை, சாம்பிள் எடுக்கும் முன்பே கடையில் கேட்டு ஆன்ட்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கிருமி பாதி மயங்கி, கல்ச்சரில் வளராமல் போய்விடும்.

கல்ச்சரில் 'சூடோமோனாஸ்' என்றோ, 'வெளியிலிருந்து கலந்த கிருமி' என்றோ வந்தால், அதோடு விட்டுவிடவும் கூடாது. மெலியாய்டோசிஸ் கிருமியை லேபில் இப்படித் தப்பாக அடையாளம் காண்பது உண்டு. சர்க்கரை வியாதிக்காரர், வயல் வேலை, மழைக்காலம் என்றால் பெரிய லேபுக்கு அனுப்பி உறுதி செய்யச் சொல்லுங்கள்.

இப்போது என் சொந்த வீட்டுக்கு வருகிறேன். நாடி பிடித்துப் பார்த்தே 'இது புற்று, இது டி.பி.' என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு வைத்தியர் சொன்னால், மரியாதையாகக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்! நாடியை நான் மதிக்கிறேன், தினமும் பார்க்கிறேன். ஆனால் ஈரலுக்குள் இருக்கும் கட்டியின் சதை எப்படிப்பட்டது என்பதை நாடி சொல்லாது. நீர்க்குறி, நெய்க்குறியும் சொல்லாது.

இன்னும் சிலர், 'முன்னால் எடுத்த ஸ்கேன் இதோ, பின்னால் எடுத்த ஸ்கேன் இதோ, ஈரல் புற்றையே கரைத்தேன்' என்று காட்டுகிறார்கள். புற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டமே தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். அப்படிக் காட்டுகிறவரிடம் நான் கேட்பது இதுதான். 'பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே அண்ணாச்சி?' இருக்காது! கரைந்தது புற்றா, வேறு ஆஸ்பத்திரியில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையில் வற்றிய சீழ்க்கட்டியா என்று யாருக்குத் தெரியும்? அதைப் பார்த்து நம்பி, நிஜமாகவே புற்று உள்ள இன்னொருவர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? எங்கள் வைத்தியத்தின் பெயரைக் கெடுப்பது வெளியாட்கள் இல்லை, இவர்கள்தான்.

அதேபோல, பெயர் தெரியாத ஈரல் கட்டிக்குப் பாதரசம், பாஷாணம் சேர்ந்த செந்தூரங்களைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'ஈரலுக்கு நல்லது' என்று தாமாகவே மூலிகைப் பொடிகளைச் சேர்த்துக்கொள்வதும் வேண்டாம். அந்த மாத்திரைகளில் சிலவே ஈரலைச் சோதிக்கக் கூடியவை. மஞ்சள் காமாலை தட்டினால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். பசிக்கு, பலவீனத்துக்கு நாங்கள் உதவலாம். அது இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்து நடக்கட்டும்.

பயாப்ஸி பண்ணினால் எல்லோருக்கும் நல்ல சேதிதான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 'சீழ்க்கட்டியாத்தான் இருக்கும் சார்' என்று நம்பிக்கையோடு போன ஒரு கடைக்காரருக்குப் புற்று என்றே வந்தது. ஆனால் கட்டி சின்னது, ஒரே இடம். வெட்டி எடுக்க முடிந்தது. ஆறு மாசம் லேகியம் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று இருந்திருந்தால் அந்த வாய்ப்பும் போயிருக்கும்.

தொற்று என்று முடிவாகி, மருந்து சாப்பிட்டு, காய்ச்சல் நின்று, எடை ஏறிய பிறகும் ஸ்கேனில் ஒரு பள்ளம் தெரிந்தால் பதறாதீர்கள். அமீபா கட்டியின் குழி மறையவே பல மாதம் ஆகலாம். அதற்காக ஸ்கேனை நிறுத்திவிடவும் கூடாது. டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி எடுத்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கட்டி சுருங்காமல் வளர்ந்தால், முதல் தடவை ஊசி சிக்கியது நடுவில் உள்ள அழுகிய பகுதியாக இருக்கலாம். ஓரத்துச் சதையை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நாற்பது ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்குக் காரணமே தெரியாமல் ஈரலில் சீழ் கட்டியிருந்தால், பெருங்குடலையும் ஒரு தடவை உள்ளே பார்த்துவிடுவது நல்லது. அங்கே ஒளிந்திருக்கும் புற்று, ஈரலில் சீழாக முதலில் தலைகாட்டுவதும் உண்டு. பழைய படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் ஒரே பையில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் பையோடு போங்கள். நோயாளியையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்!